அரபி மிஸ்ஸுக்குத் தெரியாதவை

எங்கள் ஊர்ப் பக்கம் வழி கேட்டால் யாரும் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். கேட்டவர் மனம் நோகக் கூடாது பாருங்கள். "இப்புடியே நேராப் போனீங்கன்னா ஒரு பேக்கரி வருமுங்க, அங்க கேளுங்க" என்று கையை நீட்டி அனுப்பி வைப்பார்கள். பேக்கரியில் கேட்டால் அங்கேயும் ஒருவர் கையை நீட்டுவார். இப்படி மரியாதையாகவே சுற்றவிடப்பட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட ஊரில் ஒருவர் சுந்தராபுரம் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, கேட்டவர் கேள்வியை முடிக்கும் முன்பே "தெரியாதுங்க" என்றார். கேட்டவருக்கு எப்படி இருந்ததோ, பக்கத்தில் நின்ற எனக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. ஆனால் அவர் அதோடு விடவில்லை. ரோட்டைத் தாண்டிப் போய் ஆட்டோ ஸ்டாண்டில் விசாரித்து, திரும்பி வந்து வழியைச் சொல்லிவிட்டு, அதற்குள் எங்கள் பஸ் போய்விட்டதைப் பார்த்து "அடுத்த வண்டி எப்பன்னு தெரியலீங்களே அக்கா" என்றார்.

அவர்தான் எங்கள் அரபி மிஸ். போத்தனூர்ப் பக்கம் நான் கணக்கு டீச்சராக இருந்த பள்ளியில் ஒன்பது, பத்தாம் வகுப்புகளுக்கு அரபி எடுத்தார். அவருக்கும் ஒரு பெயர் உண்டு. சம்பளம் போடும்போது மட்டும் அது தேவைப்பட்டது. மற்ற நேரமெல்லாம் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் வாட்ச்மேனுக்கும் அவர் அரபி மிஸ்தான். ஒல்லியான உடம்பு. தலையில் போட்ட முக்காடு நாள் முழுக்க நழுவாது. குரல் மட்டும் ரொம்பத் தாழ்ந்த குரல். முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு நடுவே நின்று அந்தக் குரலில் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்று ஆரம்பத்தில் எனக்கு விளங்கவில்லை. நான் பேசினால் பக்கத்துத் தெரு வரைக்கும் கேட்கும்.

எங்கள் பள்ளியில் தமிழ், ஆங்கிலம் போக இன்னொரு மொழியும் எடுத்தாக வேண்டும். இந்தி அல்லது அரபி. அரபிக்கு வருகிற பிள்ளைகள் மூன்று தினுசு. சின்ன வயதிலிருந்தே மதரசாவுக்குப் போய் ஓதியவர்கள் முதல் தினுசு. புத்தகத்தை நீட்டினால் தண்ணீராக ஓதுவார்கள், அர்த்தம் கேட்டால் முழிப்பார்கள். அப்பா வளைகுடாவில் வேலை பார்த்ததால் அங்கேயே வளர்ந்து திரும்பியவர்கள் இரண்டாவது தினுசு. கடைக்காரரோடு பேரம் பேசுகிற அளவுக்குப் பேச்சு வரும், எழுதச் சொன்னால் கை ஓடாது. மூன்றாவது, இந்திக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். அவர்களுக்கு ஒரு எழுத்தும் தெரியாது.

இதில் எதிலும் சேராத ஒருவன் கவின். கிணத்துக்கடவில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவனுடைய அப்பா தேங்காய் மண்டி வைத்திருந்தார். சேர்க்கையின்போது வந்து, "துபாய்க்குக் காய் போகுதுங்க டீச்சர். அங்கத்த பாஷை நம்ம ஊட்டுல ஒருத்தனுக்காச்சும் தெரிஞ்சா நம்மள ஏமாத்த முடியாதல்லங்க" என்று சொல்லி மகனை அரபியில் தள்ளிவிட்டுப் போனார். கவின் புத்தகத்தை எந்தப் பக்கமிருந்து திறப்பது என்பதிலேயே ஒரு வாரம் தடுமாறினான். அப்புறம் ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு, மாட்டு வண்டி வேகத்தில் வாசிக்க ஆரம்பித்தான்.

இந்தக் கூட்டத்துக்குப் பாடம் நடத்த மிஸ் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு பெஞ்சுக்கு மூன்று பேர். ஓதுகிறவர் ஒருவர், பேசுகிறவர் ஒருவர், ஒன்றும் தெரியாதவர் ஒருவர். கேள்வி பெஞ்சுக்குத்தான். தனி ஆளைக் கேட்பதில்லை. ஓதுகிறவன் வரியைச் சொல்ல, பேசுகிறவள் அர்த்தத்தைச் சொல்ல, ஒன்றும் தெரியாதவன் அந்த வார்த்தை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட வேண்டும். மூன்றும் நடந்தால்தான் அந்த பெஞ்ச் பதில் சொன்னதாகக் கணக்கு. நூலக ஹாலைப் புத்தக அலமாரிகளால் இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் அரபி வகுப்பு நடக்கும். மறு பாதியில் நான் உட்கார்ந்து பேப்பர் திருத்துவேன். அலமாரிக்கு அந்தப் பக்கம் ஒரே இரைச்சலாக இருக்கும். ஆனால் சண்டை இரைச்சல் அல்ல, சந்தை இரைச்சல்.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு அவருடைய முதல் பாடம் எழுத்துகள் கிடையாது. "லா அத்ரி." எனக்குத் தெரியாது என்று அர்த்தம். ஒவ்வொருத்தராக எழுந்து நின்று அதைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வெட்கப்பட்டு முணுமுணுத்தால் விட மாட்டார். நிமிர்ந்து நின்று சொன்னால் கை தட்டுவார். அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. "சொல்லிப்போட்டு உக்காந்துக்கக் கூடாது கண்ணு. தெரிஞ்சவங்க யாருன்னு பாத்து அவங்ககிட்டப் போகோணும்."

இந்த வியாதி என் வகுப்புக்கும் பரவியது. ஒரு சூத்திரத்தைக் கேட்டால் கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் நெஞ்சை நிமிர்த்தி "லா அத்ரி மிஸ்" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இடைவேளையில் நேராகப் போய், "என்ன மிஸ் சொல்லிக் குடுத்து வெச்சிருக்கறீங்க, ஒருத்தனும் படிக்க மாட்டேங்கறான்" என்று சண்டைக்கு நின்றேன்.

"இதுக்கு முந்தி தெரியலைன்னா என்ன பண்ணுவாங்க அக்கா?"

"தலையக் குனிஞ்சுட்டு நிப்பானுங்க."

"இப்ப வாயத் தொறக்கறாங்கல்ல" என்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது, குடித்தேன்.

பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தபோது பிரின்சிபால் எல்லோரையும் கூட்டி, "எல்லாருக்கும் இதுல பாடம் எடுக்கத் தெரியுமல்ல?" என்றார். நாங்கள் பத்தொன்பது பேரும் கோயில் மாடு மாதிரி தலையை ஆட்டினோம். "எனக்குத் தெரியாதுங்க சார்" என்று ஒரு குரல் வந்தது. யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. அவருக்காக ஒரு நாள் பயிற்சி ஏற்பாடு செய்தார்கள். அந்தப் பயிற்சிக்கு மற்ற பத்தொன்பது பேரும் சும்மா வேடிக்கை பார்க்கிற சாக்கில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டோம்.

குவைத்தில் வளர்ந்த நிலோபர் என்ற பெண் வகுப்பில் சேர்ந்த புதிதில், மிஸ் சொல்லிக் கொடுத்த நலம் விசாரிப்பைக் கேட்டுச் சிரித்துவிட்டாள். "அங்க யாரும் இப்படிப் பேச மாட்டாங்க மிஸ். இது புக்குல மட்டும்தான் இருக்கும்" என்றாள். வேறு டீச்சராக இருந்தால் அந்தப் பெண் அன்றைக்கு வெளியே நின்றிருப்பாள். மிஸ் சாக்பீஸை நீட்டி, "அங்க எப்புடிக் கேப்பாங்க? எனக்குத் தெரியாதே. எழுதிப்போடு பாக்கலாம்" என்றார். கரும்பலகையின் ஒரு மூலை அன்றிலிருந்து நிலோபருக்கு. அவள் தப்பும் தவறுமாக எழுதுவாள், மிஸ் எழுத்துகளைத் திருத்திவிட்டுத் தானும் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்ப்பார். இது வீட்டுக்குப் போய், டீச்சருக்கே அரபி தெரியவில்லையாம் என்று நிலோபரின் அம்மா புகார் கொண்டுவந்தார்.

பிரின்சிபால் அவரைக் கூப்பிட்டுக் கேட்டபோது நானும் அங்கே இருந்தேன். "ஆமாங்க சார், பேச்சு அந்தப் புள்ளைக்குத்தான் நல்லா வருது. நான் அந்த ஊருக்கெல்லாம் போனதே இல்லீங்க. புஸ்தகம் எனக்கு வரும். பிள்ளைகளுக்கு ரெண்டும் வேணுமுங்க" என்றார். கோபப்படத் தயாராக உட்கார்ந்திருந்த பிரின்சிபாலுக்கு எந்த இடத்தில் கோபப்படுவது என்று தெரியவில்லை. சரி போங்க என்று அனுப்பிவிட்டார்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கிறது. கூட இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம். புதுப் புடவை கட்டிக்கொண்டு போய் எப்படி இருக்கிறது என்று கேட்டால், "எனக்குத் தெரியலீங்க அக்கா, கலர் பாக்க வராது" என்பார். பொய்யாக ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாய் தேய்ந்துவிடுமா என்று எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். என் மாமியாருக்கு இருதயத்தில் அடைப்பு என்று சொன்ன வாரம் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் "ஒண்ணும் ஆகாது, சரியாயிரும்" என்றார்கள். இவரிடம் "சரியாயிருமா மிஸ்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "தெரியாதுங்க அக்கா" என்றார். எனக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் வாரேன். டாக்டர் சொல்றத ரெண்டு பேரா கேட்டா ஒருத்தருக்காச்சும் புரியும்" என்றார். வந்தார். ஆபரேஷன் முடியும் வரைக்கும் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சரியாயிரும் என்று சொன்னவர்களில் ஒருவரும் வரவில்லை. அது அவர்கள் குற்றமில்லை, அவர்கள்தான் சொல்லிவிட்டார்களே.

இப்போது ஆசிக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வருடம் நான் ஒன்பதாம் வகுப்பு பி பிரிவுக்கு வகுப்பாசிரியை. ஆசிக் என் வகுப்புப் பையன். உக்கடத்தில் அவனுடைய அப்பா, அவன் பேச்சில் அத்தா, பழைய மோட்டார் சாமான் கடை வைத்திருந்தார். ஓதுவதில் ஆசிக்கை அடிக்க ஆளில்லை. பள்ளி விழா எதுவானாலும் முதலில் அவனைத்தான் மேடையேற்றுவார்கள். அந்தக் குரலைக் கேட்டால், மதம் என்ன, மொழி என்ன, எல்லோரும் பேச்சை நிறுத்திவிடுவோம். ரமலானில் பள்ளிவாசலில் அவன் ஓதுவதைக் கேட்டுப் பெரியவர்கள் அவன் அத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்குவார்களாம்.

ஆனால் அரையாண்டில் அவன் தமிழிலும் சமூக அறிவியலிலும் ஃபெயில். என் பாடத்தில் கொஞ்சம் விசித்திரம். கூட்டல், பெருக்கல், சமன்பாடு என்றால் புலி. வாசகக் கணக்கு வந்தால் பேப்பர் வெள்ளை. "கேள்வியப் படிச்சியா இல்லையா?" என்று கேட்டால், சிரித்துக்கொண்டே நிற்பான். எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதற்காக, ஒன்பதாம் வகுப்பிலேயே தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளின் வீட்டாரைக் கூப்பிட்டு, வேற ஸ்கூல்ல போட்டா நல்லா வருவாங்க என்று மரியாதையாகச் சொல்லி டி.சி. கொடுத்துவிடுவார்கள். அந்த வருடம் அப்படிப் போகப் போகிறவர்களில் ஆசிக்கின் பெயர் முதலில் அடிபட்டது. நடுவில் போகிற பையனை வேறு எந்தப் பள்ளியும் பத்தாம் வகுப்புக்குச் சேர்க்காது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. நான் அலமாரிக்கு இந்தப் பக்கம் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். சந்தைப் பாடம் ஓடிக்கொண்டிருந்தது. ஆசிக் புத்தகத்தைக் கையில் ஏந்தி, வழக்கம்போல் அருமையாக ஒரு பத்தி வாசித்தான். நிலோபர் அர்த்தம் சொன்னாள். "அவர் சந்தைக்குப் போய் ஒரு கிலோ பேரீச்சம்பழம் வாங்கினார்." அடுத்தது கவின் விரல் வைக்க வேண்டும். அவன் எழுத்தெழுத்தாக முணுமுணுப்பது கேட்டது. பிறகு கவின் இழுத்து இழுத்துச் சொன்னான்.

"மிஸ், இங்க பேரீச்சம்பழம் இல்லீங்களே மிஸ். இது... ஆரஞ்சுன்னுதானுங்க போட்டிருக்குது."

அந்த வருடம் புத்தகம் புதிதாக அச்சாகியிருந்தது. பாடம் அதேதான், அங்கங்கே சில வார்த்தைகளை மாற்றியிருந்தார்கள். பழைய புத்தகத்தில்தான் பேரீச்சம்பழம். அது ஆசிக்கின் அக்கா படித்த புத்தகம். அவள் வீட்டில் சத்தமாகப் படிக்கிற பழக்கமுள்ளவள். கையில் ஆரஞ்சை வைத்துக்கொண்டு அவன் பேரீச்சம்பழத்தை வாசித்திருக்கிறான். ஓதத் தெரிந்த பிள்ளைகள் அவன் குரலில் லயித்திருந்தார்கள், அர்த்தமும் தெரியாததால் அவர்கள் காதில் அது உறைக்கவில்லை. நிலோபர் காதில் விழுந்ததற்கு அர்த்தம் சொன்னாளே தவிர புத்தகத்தைப் பார்க்கவில்லை. எழுத்தெழுத்தாக ஊர்ந்துகொண்டிருந்தவனுக்கு மட்டும்தான் தட்டுப்பட்டது.

மிஸ்ஸுக்கு அந்தக் கணத்திலேயே எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். ஆனால் அவர், "அப்புடியா கவின்? இந்தப் புதுப் புஸ்தகத்துல என்ன இருக்குதுன்னு எனக்கே தெரியலையே. நான் பாத்துட்டு வந்து சொல்றேன்" என்றார். அவர் "தெரியாது" என்று சொல்லி நான் கேட்டவற்றில் அது ஒன்றுதான் பொய். அந்தப் புத்தகத்துக்கு அவர் போன மாதமே அட்டை போட்டு, வரிக்கு வரி பென்சிலால் குறிப்பு எழுதி வைத்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மணி அடித்தது. பிள்ளைகள் போனார்கள். ஆசிக்கை மட்டும் இருக்கச் சொன்னார். நான் அலமாரிக்கு இந்தப் பக்கம் இருந்தது அவருக்குத் தெரியும். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல மாட்டேன். கண்ணுக்கு இமை வைத்த கடவுள் காதுக்கு ஒன்றும் வைக்கவில்லை.

"இது கடைசிப் பாடம், ஆசிக். நான் இன்னும் நடத்தல. உங்கக்காவும் படிச்சிருக்க மாட்டா, இது புதுசாச் சேத்தது. மொத வரி என்னன்னு சொல்றயா?"

வெளியே கிரவுண்டில் பி.டி. மாஸ்டரின் விசில் கேட்டது. மிஸ் அவசரப்படுத்தவில்லை. நானாக இருந்தால் இதற்குள் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

"சொல்லலாம் கண்ணு. நம்ம கிளாஸ்ல அதைச் சொன்னா யாரு திட்டியிருக்கறா?"

"லா அத்ரி, மிஸ்" என்றான். மேடையில் மணியாக ஒலிக்கிற குரல் அது. அன்றைக்குக் கிழிந்து வந்தது.

"இந்தப் பக்கம் மட்டுமா?"

"எல்லாமே மிஸ். தமிழும்தான். எழுத்தெல்லாம் கூட்டமா ஓடுது மிஸ், நிக்கவே மாட்டேங்குது."

சின்ன வகுப்பிலிருந்தே அப்படித்தானாம். பக்கத்துப் பையன் வாசிப்பதைக் காதில் வாங்கிக்கொள்வான். கரும்பலகையில் இருப்பதைப் படம் வரைகிற மாதிரி அப்படியே நோட்டில் வரைந்துவிடுவான். பரீட்சையில் கேள்வியைப் பக்கத்தில் இருப்பவன் முணுமுணுத்தால் போதும். அரபி வகுப்பில் மிஸ் போட்ட மூன்று பேர் பெஞ்ச் அவனுக்கு இன்னும் வசதியாகிவிட்டது. அவன் வேலை சத்தம் கொடுப்பது மட்டும்தானே. இதைக் கேட்டு மிஸ் ஒரு பெருமூச்சு விட்டார். அது எனக்குக் கேட்டது.

"அத்தாகிட்டச் சொல்லிப்போடாதீங்க மிஸ். நான் ஓதறேன்னுதான் அத்தா கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காரு. புஸ்தகத்தக் கையில வெச்சுட்டு ஏமாத்துனேன்னு தெரிஞ்சா..."

"சொல்லாம இருக்க முடியாது. ஆனா உனக்குத் தெரியாமச் சொல்ல மாட்டேன். நீயும் நானும் சேந்தே சொல்லுவோம்."

அவன் போன பிறகு அலமாரியைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். மிஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "கேட்டீங்களா அக்கா?" என்றார். கேட்டேன் என்றேன். "இதுக்கு என்ன பண்றதுன்னு எனக்குத் தெரியலீங்க" என்றார். அந்த முறை எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. எனக்கும் தெரியவில்லை.

ஆசிக்கின் அத்தா வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடித்துவிட்டு நேராக வந்தார். கிரீஸ் கறை போகாத விரல்கள், வெள்ளைச் சட்டை, தலையில் தொப்பி. பிரின்சிபால் அறையில் அவர், நான், மிஸ், சுவரோடு ஒட்டிக்கொண்டு ஆசிக். மேசைமேல் டி.சி. தயாராக இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. மிஸ் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னார். பையன் சோம்பேறி இல்லை, ஏமாற்றுக்காரனும் இல்லை, அவனுக்கு எழுத்து நிற்கவில்லை என்றார். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, "அப்புடித்தான ஆசிக்?" என்று கேட்டார். அவன் ஒவ்வொரு முறையும் தலையாட்டினான்.

பிரின்சிபால் கெட்டவர் இல்லை. ரிசல்ட் குறைந்தால் நிர்வாகம் அவரைத்தான் கேட்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சரிங்க மிஸ். பத்தாவதுல இவன் பாஸ் பண்ணிருவான்னு நீங்க உறுதியாச் சொல்லுங்க. நான் வெச்சுக்கறேன்" என்றார்.

ஒரு வார்த்தை போதும். "பண்ணிருவானுங்க சார்." ஊரில் யாரும் சொல்கிற வார்த்தை, நாளைக்கு யாரும் பிடித்துக் கேட்கப் போவதில்லை. நான் மேசைக்குக் கீழே அவர் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

"தெரியாதுங்க சார்" என்றார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல் இருந்தது. பிரின்சிபால் பேனாவை எடுத்தார். மிஸ் அதே தாழ்ந்த குரலில், "ஒரு எழுத்து படிக்காமயே ஒம்பதாவது வரைக்கும் வந்துட்டானுங்க. நாம கொஞ்சம் கை குடுத்தா எது வரைக்கும் போவான்னும் எனக்குத் தெரியாதுங்க சார்" என்றார்.

அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்த அத்தா மகன் பக்கம் திரும்பினார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். ஆசிக்கும் அப்படித்தான் நினைத்திருப்பான், தோளைக் குறுக்கிக்கொண்டான்.

"ரமலான்ல நீ ஓதுனது?"

"பள்ளிவாசல் ஹஜ்ரத் ஓதறதக் கேட்டுங்க அத்தா."

"ஊட்டுல காலைல ஓதறது?"

"அதும் கேட்டுத்தான்."

"அத்தனையுமா?"

ஆசிக் தலையாட்டினான்.

"எத்தன தடவ கேப்ப?"

"ஒருக்கா கேப்பேன். நீளமா இருந்தா ரெண்டு தடவ."

அத்தா தொப்பியைக் கழற்றி, கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி தலையில் போட்டுக்கொண்டார். பிரின்சிபாலைப் பார்த்து, "நான் இந்த வயசுலயும் பக்கத்தத் திருப்பித் திருப்பிப் பாத்துத்தானுங்க ஓதறேன். பாத்தும் நிக்க மாட்டேங்குது. இவன் காதுலயே வாங்கி வெச்சிருக்கறானாம்" என்றார். "இவன எங்கயும் அனுப்பிப்போடாதீங்க சார். என்ன பண்ணோணும்னு சொல்லுங்க, பண்றேன்." அதைச் சொல்லும்போது கையை நீட்டி ஆசிக்கின் சட்டைக் காலரை இழுத்து, தன் நாற்காலிக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திக்கொண்டார்.

பிரின்சிபால் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். டி.சி.யை மடித்து டிராயரில் போட்டார். "இந்த மாதிரிப் பிள்ளைகளுக்குப் பரீட்சை எழுத ஒரு ஆள் வெச்சுக்க போர்டுல அனுமதி உண்டும்பாங்க. அதுக்கு யாரப் பாக்கோணும் மிஸ்?"

"தெரியாதுங்க சார்."

முதலில் சிரித்தவர் பிரின்சிபால்தான். அப்புறம் அத்தா, அப்புறம் நான். மிஸ்ஸுக்கு ஏன் சிரிக்கிறோம் என்று புரியவில்லை. நான் விசாரிக்கிறேன் என்று சொல்லி அந்த வாரமே பீளமேட்டில் இந்தக் குறையைச் சோதிக்கிற ஒரு மருத்துவரைக் கண்டுபிடித்தேன். மிஸ், ஆசிக், அத்தா மூவரும் பல நாள் பஸ் ஏறிப் போய் வந்தார்கள். சான்றிதழ் கிடைத்தது. கேள்வியைப் படித்துக் காட்டவும் அவன் சொல்வதை எழுதவும் ஆள் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தது. பத்தாம் வகுப்பில் அவன் தேறினான். பெரிய மார்க் ஒன்றும் இல்லை, எல்லாப் பாடத்திலும் தேறினான், அவ்வளவுதான். அதற்கு மேல் என்ன வேண்டும்? இப்போது பம்பு ரிப்பேர் படித்துவிட்டு அத்தாவின் கடையிலேயே ஒரு பக்கம் பட்டறை போட்டிருக்கிறான். மோட்டார் ஓடும் சத்தத்தைக் கேட்டே எங்கே பழுது என்று சொல்லிவிடுகிறானாம். கவின்தான் சொன்னான், நம்புவது உங்கள் இஷ்டம்.

அரபி மிஸ் அதற்கடுத்த வருடம் பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு பள்ளிக்குப் போய்விட்டார். புது வீடு அங்கே. வழியனுப்பும்போது, இனி எப்போது பார்ப்போம் என்று நான் கேட்கவில்லை. என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியாதா.

எனக்கு அவர் நினைவு வரும்போதெல்லாம் அந்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை காலைதான் வருகிறது. முதல் பீரியட் என்னுடையது. வடிவொத்த முக்கோணங்கள் நடத்திக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆசிக் பெஞ்சில் கையை மடித்து, அதன்மேல் கன்னத்தை வைத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். என் வகுப்பில் ஒருவன் தூங்கினான் என்றால் சாக்பீஸ் பறக்கும், அது பள்ளிக்கே தெரியும். எல்லாப் பிள்ளைகளும் என் கையைப் பார்த்தார்கள்.

எந்த வகுப்பிலும் அவன் அசந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் யார் என்ன முணுமுணுக்கிறார்கள், அடுத்து யாரைக் கேட்கப் போகிறார்கள் என்று எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டே இருப்பான். ஒன்றாம் வகுப்பிலிருந்து அவன் அப்படி விழித்துக்கொண்டிருந்திருக்கிறான். வராந்தாவில் ரிஜிஸ்டரோடு போய்க்கொண்டிருந்த அரபி மிஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றார். அவனைப் பார்த்தார். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, சத்தம் வராமல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, வெறுங்காலோடு வராந்தாவைத் தாண்டிப் போனார்.

நான் குரலைத் தணித்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தேன். எனக்கு அவ்வளவு தாழ்ந்த குரல் உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. மணி அடிக்கும் வரை அவன் தூங்கினான்.